பிரிக்காத தந்திக்கு ஏன் அழுதார்கள்?

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. இப்போது பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். பழைய ஆட்களின் வாயில் பழைய பெயர்தான். சுற்றிலும் தோட்டங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான்.

மாலையில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "இந்தக் கைப்பேசி வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு தம்பி" என்பார் ஒரு பெரியவர். பக்கத்து மேசைப் பையன் விடமாட்டான். "போன் என்ன மாமா செய்யும்? நல்லதும் பார்க்கலாம், கெட்டதும் பார்க்கலாம். நம்ம கையிலதான் இருக்கு." தே தாரிக் ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள்: கைப்பேசிக்குள் என்ன வருகிறது என்பதை. அது வருகிற வழி மனிதனை என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லிவிட முடியும் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் அதற்கான பாதி விடை நம் வாழ்க்கையிலேயே கிடக்கிறது.

ரப்பரும் செம்பனையும்

முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம்.

இரவில் ரப்பர் மரம் நீரை நன்றாக ஏற்றிக்கொள்ளும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பால் வடிவதும் குறையும். அதனால்தான் இருட்டோடு எழுந்து, இருட்டோடு சமைத்து, விடிவதற்குள் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்றார்கள். கணவன் மனைவி இருவருமே மரம் வெட்டினார்கள், அதாவது பால் வடியப் பட்டையைக் கீறினார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போனது. இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை.

பிறகு செம்பனை வந்தது. குலை அறுக்க விடியற்கால அழுத்தம் தேவையில்லை. நீண்ட கழியில் கட்டிய அரிவாளும், இருபது கிலோவைத் தாண்டும் குலையும் பெரும்பாலும் ஆண்களின் வேலையாயின. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது என்று ஆனது. "இனிமேல் குடும்பம் இப்படி நடக்கட்டும்" என்று எந்தத் துரையும் உத்தரவு போடவில்லை. பயிர் மாறியது. தூங்கும் நேரம், அடுப்பு மூட்டும் நேரம், வீட்டுக்கு யார் எவ்வளவு கொண்டுவருகிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது என்பதெல்லாம் பின்னாலேயே மாறின.

சம்பளத்தை நல்லதுக்குச் செலவழித்தார்களா கெட்டதுக்குச் செலவழித்தார்களா என்று ஆராய்ந்தால் இந்த மாற்றம் கண்ணில் படுமா? படாது. ஒட்டுக்கடைப் பையனின் வாதத்தில் இருக்கும் ஓட்டை அதுதான்.

ஊடகம் என்றால் பத்திரிகைக்காரர்கள் அல்ல

"ஊடகம்" என்றதும் நமக்குப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் நினைவுக்கு வருகின்றன. குழப்பம் தொடங்கும் இடம் இது. ஊடுருவு, ஊடுபயிர் என்று சொல்கிறோமே, அதே "ஊடு"தான் ஊடகத்திலும் இருக்கிறது. இடையில் இருப்பது என்று பொருள். ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்க இடையில் நிற்கும் எதுவும் ஊடகம். பேச்சு ஓர் ஊடகம். ஓலைச்சுவடி, கடிதம், பறை, வானொலி எல்லாம் ஊடகங்கள். அதன் வழியாக வந்துசேரும் சேதியை உள்ளடக்கம் என்போம். இந்த இரண்டு சொற்கள் போதும்.

தோட்டத்தில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பார்களே, அந்தப் பெரட்டு மணியும் ஓர் ஊடகம்தான். அதில் வாசகம் எதுவும் கிடையாது. ஆனால் அது என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எல்லா லயத்துக்கும் ஒரே நொடியில் கேட்டது. ஒருவர் அடிப்பார், நூறு பேர் கேட்பார்கள். யாரும் மணிக்குப் பதில் சொல்ல முடியாது. அது கேட்கும் தூரம்வரைதான் தோட்டம். சூரியனையும் சேவலையும் பார்த்து நாளைத் தொடங்கிய மனிதர்களை, மணி அடித்தால் எழும் மனிதர்களாக அது மாற்றியது.

கனடா நாட்டு அறிஞர் மார்ஷல் மெக்லூகன் 1964இல் "ஊடகமே செய்தி" என்று எழுதினார். உலகமெங்கும் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுவதும், அதே அளவுக்குத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுமான வாக்கியம் அது. பத்திரிகைகள் சொல்வதுதான் செய்தி என்று அவர் சொல்லவில்லை. உள்ளடக்கத்தால் பயனில்லை என்றும் சொல்லவில்லை. ஓர் ஊடகம் மனித வாழ்க்கையின் வேகத்தையும் அளவையும் ஒழுங்கையும் மாற்றுகிறதே, அந்த மாற்றம்தான் அது நமக்குத் தரும் பெரிய செய்தி என்றார். பெரட்டு மணியை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வாக்கியத்தில் புதிர் எதுவும் இல்லை.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான். ஊடகம் என்பது இடையில் நிற்கும் வழி, உள்ளடக்கம் என்பது அதில் வருவது. வழி மாறினாலே வாழ்க்கை மாறும், அதில் எது வந்தாலும்.

ஒரே சேதி, வேறு வேறு வழி

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு முறை உண்டு. உள்ளடக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாக் காலத்திலும் மாறாத ஒரு சேதி இருக்கிறது: "இன்னார் இறந்துவிட்டார்."

லயத்தில் ஒருவர் இறந்தால் ஆள் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். கேட்டவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நடப்பார். சேதி போன வேகமும் மனிதர்கள் வந்துசேர்ந்த வேகமும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இறந்தால் கடிதம் வரும். மஞ்சள் தடவி வந்தால் நல்ல காரியம், கறுப்புக் கரை போட்டிருந்தால் சாவு. கடிதம் கப்பலேறி வந்தபோது, இங்கே இருக்கும் அண்ணன் தன் தம்பி இறந்த சேதியைப் படிக்கும்போது அங்கே காரியமே முடிந்திருக்கும். கேட்ட அன்று இங்கே தலைமுழுகுவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பலர் என்பதால் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிப்பார், வாசலில் கூட்டம் நிற்கும். ஒருவர் பெயருக்கு வந்த கடிதம் லயத்துக்கே வந்ததாக ஆகிவிடும்.

அப்புறம் தந்தி. இது என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைக்கும் விஷயம். தந்திக்கு முன்னால், பறையொலி, தீ, புகை போன்ற சில குறிகளையும் தூதுப் புறாவையும் விட்டால், சேதி மனிதனையோ குதிரையையோ கப்பலையோ முந்தி ஓடியதில்லை. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக்கம்பி 1871இல் சிங்கப்பூர்வரை வந்தது. முதல் முறையாகச் சேதி மனிதனை முந்தியது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. ஏழைக் குடும்பம் எதற்குத் தந்தி அடிக்கும்? சாவுக்கு அடிக்கும், சாகக்கிடந்தால் அடிக்கும். அதனால் தந்திக்காரர் வந்து நின்றதுமே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பிரிக்கவில்லை, படிக்கவில்லை. பிள்ளை பரீட்சையில் தேறிய சேதியாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் அழுதார்கள்.

உள்ளடக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே வழி தன் சேதியைச் சொல்லிவிட்டது. மெக்லூகன் கனடாவில் உட்கார்ந்து எழுதியதை நம் பாட்டிமார்கள் வாசற்படியில் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் தந்திச் சேவையையே 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

ஒப்பாரியும் நினைவும்

ஊடகம் ஊரை மாற்றுவது புரிகிறது, மனத்தை எப்படி மாற்றும் என்று கேட்கலாம். நினைவிலிருந்து தொடங்கினால் விளங்கும்.

பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து இல்லாத இடத்தில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் மனப்பாடத்தில்தான் காப்பாற்ற வேண்டும். மனப்பாடமாவதற்கு அதில் தாளம் வேண்டும், எதுகை மோனை வேண்டும், திரும்பத் திரும்ப வரும் வரிகள் வேண்டும். நம் மருத்துவமும் கணக்கும் இலக்கணமும்கூடச் செய்யுளில் இருப்பதற்கு இது முக்கியமான காரணம். அமெரிக்கப் பேராசிரியர் வால்டர் ஓங் 1982இல் இதை விரிவாக எழுதினார். வாய்மொழியாக வாழும் மனிதர்கள் ஆயத்தமான தொடர்களைக் கொண்டே சிந்திக்கிறார்கள், அவர்களுக்கு அறிவு என்பது எப்போதும் எதிரில் ஓர் ஆளோடு நடக்கும் காரியம் என்பது அவர் கருத்து.

ஒப்பாரி பாடும் பெண்களைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். வரிகளின் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இறந்தவரின் உறவு, ஊர், குணம் அந்தச் சட்டத்துக்குள் வந்து உட்காரும். தாளில் எழுதிவைத்துப் படித்தால் அது ஒப்பாரி ஆகாது. கழுத்தைக் கட்டிக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும்.

எழுத்து வந்ததும் மனம் அந்தப் பாரத்தை இறக்கிவைத்தது. தாளில் இருப்பதை மீண்டும் பார்த்துக்கொள்ளலாம், முன்பக்கத்தோடு பின்பக்கத்தை ஒப்பிடலாம், தனியாக உட்கார்ந்து மறுக்கலாம். உரைநடை பெருகியது, தனிமையில் வாய்விடாமல் படிக்கும் பழக்கம் பெருகியது. ஆனால் நூறு பாடலை மனத்தில் வைத்திருந்த தாத்தாவின் பேரனுக்கு நான்கு பாடல் நிற்கவில்லை. அதனால் பேரன் மட்டம் என்று ஆகிவிடாது. அவன் மனம் வேறு வேலைக்குப் பழகியிருக்கிறது.

கல்லும் காகிதமும்

மெக்லூகனுக்கு முன்னோடி ஹெரால்ட் இன்னிஸ், அவரும் கனடாக்காரர். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு பிரிவினையைச் சொன்னார். சில ஊடகங்கள் காலத்தைத் தாண்டும், சில தூரத்தைத் தாண்டும். நடுகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நிற்கும், ஓரடி நகராது. காகிதம் கடல் கடக்கும், கறையான் அரித்துவிடும். கல்லில் எழுதும் சமூகம் மரபையும் தெய்வத்தையும் பிடித்துக்கொள்ளும், காகிதத்தில் எழுதும் சமூகம் தூர தேசங்களை ஆளப் பார்க்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். தோட்டமே இதற்குச் சாட்சி. லண்டனில் இருந்த கம்பெனி மலாயாவில் ஒரு காட்டை நடத்தியது காகிதத்தால்தான். தோட்டத்து எழுத்தரான கிராணியாரின் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருந்தால் ஆள் உண்டு.

முகம் தெரியாதவர்களும் நம்மவர்கள்

கெடாவில் மரம் வெட்டும் ஒருவருக்கும் ஜொகூரில் மரம் வெட்டும் ஒருவருக்கும் என்ன உறவு? ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. இருந்தும் "நாம்" என்று நினைக்கிறார்கள். அது தானாக வந்ததல்ல.

பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற அறிஞர் 1983இல் இதற்குச் சொன்ன விளக்கத்தில் செய்தித்தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே நாளில், ஒரே மொழியில், ஒரே தாளைத் தன்னைப்போல ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த உணர்விலிருந்து ஒரு மக்கள் கூட்டம் பிறக்கிறது. தமிழ் நேசன் 1924இல் கோலாலம்பூரில் தொடங்கியது. அதற்கு முன் ஒருவர் தன்னைத் தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர், இன்ன கங்காணியின் ஆள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மலாயாத் தமிழர் என்று ஒருவர் தன்னை நினைத்துக்கொள்ள, கப்பல் மட்டும் போதவில்லை, தாளும் வேண்டியிருந்தது. அந்தத் தாள் 2019 பிப்ரவரியில் நின்றது. நான் அதை ஒரு வியாபாரம் மூடப்பட்ட சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் ஒருவரை ஒருவர் கற்பனை செய்துகொண்ட ஒரு வழி அடைபட்டது.

மரணச் சேதியும் இங்கே மாறுகிறது. படத்தோடு நினைவஞ்சலி விளம்பரம் வந்தது. தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு பால்மரத் தொழிலாளியின் முகத்தை நாடு முழுக்கத் தமிழர்கள் பார்த்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பார்த்தார்கள்.

இன்னொரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். பேச்சு நினைவைப் பழக்கியது. எழுத்து தனிமையைப் பழக்கியது. தந்தி சேதியை மனிதனிடமிருந்து பிரித்தது. செய்தித்தாள் அந்நியர்களைச் சேர்த்தது.

ஒரே கூடத்தில் எல்லோரும்

வானொலியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி, தோட்டத்து ஜெனரேட்டர் நின்ற பிறகும் பாடியது என்பதே அதன் பெரிய சாதனை. இருட்டுக்குள் முதல் முறையாகத் தூரத்துக் குரல் வந்தது.

தொலைக்காட்சியிடம் நிற்க வேண்டும். மலேசியாவில் அது 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது, வண்ணம் வந்தது 1978இல். அதற்கு முன் தோட்டத்தில் வாழ்க்கைகள் தனித்தனியாக இருந்தன. துரை பங்களாவுக்குள் என்ன நடக்கிறது என்று லயத்துக்குத் தெரியாது. பெரியவர்கள் பேசுவது பிள்ளைகளுக்குத் தெரியாது, தாழ்வாரத்தில் பேசினால் பிள்ளையை விரட்டிவிடுவார்கள். புத்தகமும் அப்படித்தான், படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே கதவு. தொலைக்காட்சிக்கு அந்தக் கதவு இல்லை. தமிழ்ப்படம் போடும் அன்று பெட்டி இருந்த வீட்டில் தாத்தா, பேத்தி, கங்காணி, சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்தார்கள். ஜோஷுவா மேரோவிட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1985இல் சொன்னது இதுதான்: மின்னணு ஊடகம் யாருக்கு எது தெரியும் என்ற சுவர்களை இடித்துவிடுகிறது. யாருக்கு எது தெரியும் என்பது மாறினால் யார் யாருக்கு அடங்குவார் என்பதும் மாறும். திரையில் எத்தனையோ பங்களாக்களின் உள்ளறையைப் பார்த்துவிட்ட பிள்ளை, துரையின் வாசலில் அப்பாவைப்போலவே கைகட்டி நிற்குமா?

எல்லாவற்றுக்கும் ஒரே ஒலி

இப்போது புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப்புக்கு வருவோம். அதே சேதி: "இன்னார் இறந்துவிட்டார்."

காலையில் குழுவில் வருகிறது. அதற்கு மேலே கல்யாண அழைப்பு. கீழே பேரங்காடித் தள்ளுபடி, ஒரு குழந்தையின் நடனம், காலை வணக்கப் படம். எல்லாம் ஒரே அளவு கட்டத்தில், ஒரே "டிங்" ஒலியோடு. மஞ்சள் இல்லை, கறுப்புக் கரை இல்லை, தந்திக்காரர் இல்லை. முன்பு வழியே தரம் பிரித்துத் தந்தது. இப்போது அந்த வேலை முழுவதும் நம் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இருநூறு முறை அது அலுக்காமல் பிரிக்க வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசே இல்லை" என்று பெரியவர்கள் வருந்தும்போது நான் மறுத்துச் சொல்வது இதைத்தான். மனம் இருக்கிறது, அதை எழுப்பும் ஒலி தனியாக இல்லை.

இதே வழி வேறொன்றையும் செய்திருக்கிறது. படிக்கத் தெரியாததால் எழுபது ஆண்டுகள் கடிதத்துக்கு வெளியே நின்ற பாட்டி, இன்று குரல் பதிவு அனுப்புகிறார். "ஏய்யா ராசா, சாப்பிட்டியா?" என்று கிள்ளானில் இருக்கும் பேரனிடம் அவரே கேட்கிறார். எழுத்துக்கும் அச்சுக்கும் பிறகு மின்கருவி வழியாகத் திரும்பி வரும் இந்தப் பேச்சை ஓங் இரண்டாம் வாய்மொழி என்றார். குழுவில் வரிசையாக விழும் "ஆழ்ந்த இரங்கல்" என்ற ஆயத்தத் தொடரும், கூப்பிய கைகளும் அந்த வகைதான். அவை ஒப்பாரியின் சட்டத்துக்குத் தூரத்து உறவு. கழுத்தைக் கட்டிக்கொள்ளும் கை மட்டும் இல்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, அந்தக் கை இல்லாமல் சாவுச் சடங்கைத் திரையில் மட்டும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நிறையக் குடும்பங்கள் தெரிந்துகொண்டன.

வழிக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு இங்கேயே ஒரு சான்று இருக்கிறது. புலனத்தில் போகும் சேதியை அந்த நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். எனவே வதந்தியின் உள்ளடக்கத்தில் அவர்கள் கைவைக்க இயலாது. என்ன செய்தார்கள்? பலமுறை கைமாறி வந்த ஒன்றை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வழியைச் சுருக்கினார்கள். அப்படிப்பட்ட சேதிகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். ஒரு சொல்லைக்கூட அழிக்கவில்லை.

ஊடகம் மட்டும் எல்லாமா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ மனுசன் வெறும் பொம்மையா அண்ணே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சானது. ஆனால் தமிழர்கள் தாங்களே அச்சகம் வைத்து நூல்களைப் பெருக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1835இல் சட்டத் தடைகள் நீங்கிய பிறகுதான். கருவி வந்து இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் காத்துக்கிடந்தது. சட்டம், பணம், பள்ளிக்கூடம், சாதி, யார் கையில் அதிகாரம் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓர் ஊடகம் எவ்வளவு தூரம் போகும் என்று முடிவாகிறது. மண் ஒத்துக்கொள்ளாமல் ரப்பரும் வளராது.

மக்கள் வழியைத் திருத்திக்கொள்ளவும் செய்கிறார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கோயில் குழுவினர் மரணச் சேதிக்கென்று மட்டும் ஒரு புலனக் குழு வைத்திருக்கிறார்கள். அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். பதில், படம், வணக்கம் எதுவும் போடமுடியாது. சேர்கிறவர்களிடம் அந்தக் குழுவுக்கு மட்டும் வேறு ஒலி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கோயில் மணிபோல ஒற்றை ஒலி. அம்மாவின் கைப்பேசியிலும் நான்தான் வைத்துக் கொடுத்தேன். போன வாரம் அது அடித்தது. அம்மா அடுப்பை அணைத்தார். கண்ணாடியைத் தேடவில்லை, கைப்பேசியை எடுக்கவும் இல்லை. கூடத்தைப் பார்த்து, "யாருய்யா?" என்று கேட்டார்.